தில்லைநாயகிக்கு வெல்லம் வேண்டாம்

ஆவுடையான்பேட்டைக் கடைத்தெருவில் ரவிக்கை தைக்கும் தில்லைநாயகி, நூற்று இருபத்தாறு கிலோவிலிருந்து இறங்கி இறங்கி அறுபத்தெட்டு கிலோவுக்கு வந்து நின்ற ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில், குளித்துவிட்டு, காலிப் பை போல அடிவயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த தோல் மடிப்பை ஒரு கையால் தூக்கி மறு கையால் துடைத்தபோது, உள்ளேயிருந்து டீக்கடை ஜபருல்லா பாயின் சாவிக்கொத்து தரையில் விழுந்தது. யாருடைய சாவி என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் அதில் ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் ஒட்டகம் தொங்கியது, அந்த ஒட்டகம் காணாமல் போன கதையை பாய் நான்கு மாதமாக டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தில்லை அதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, புடவை கட்டிக்கொண்டு, கடைக்குப் போய் அவர் கையில் கொடுத்தாள்.

"எங்கம்மா கெடைச்சுச்சு?"

"வயித்து மடிப்புல இருந்து விழுந்துச்சு பாய்."

"அப்படியா," என்றார் பாய். "உக்காரு, சர்க்கரை இல்லாம ஒரு டீ போடச் சொல்றேன்."

அவ்வளவுதான் நடந்தது. வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் 'அதெப்படி?' என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குள் தையற்கடை வாசலில் வந்து நின்ற பதினாறு பேரும் கேட்டது வேறு கேள்வி: "என்னோடது வந்துச்சா?" அந்தப் பதினாறு பேரில் நானும் ஒருத்தி, அதை மறைக்கப் போவதில்லை. தில்லையின் கடைக்கு நேரெதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன், எனக்கு ஒரு தோட்டின் திருகாணி காணாமல் போயிருந்தது. வந்திருந்தது. தில்லை அதை ஒரு பவுடர் டப்பா மூடியில் போட்டு நீட்டினாள், நான் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு கடையைத் திறக்கப் போனேன்.

தில்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். ரவிக்கை தைக்கிறவர்கள் பக்கத் தையலில் ஓர் இஞ்சுத் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து விட்டுவைப்பார்கள், நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று. "என்னைத் தைச்சவன் அம்பத்தெட்டு கிலோவுக்கு உள்ள விட்டு வெச்சிருக்கான், பாவி," என்று தில்லை தன் தோலைப் பற்றிச் சொல்வாள். சர்க்கரை நோய் கண்ணைப் பறிக்கப் பார்த்ததால் திருச்சியில் இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம், மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் ஏரிக்கரையில் நடந்து, கைப்பிடிச் சோறு தின்று, உடம்பை இறக்கினாள். உடம்பு போயிற்று, தோல் போகவில்லை. உட்கார்ந்தால் தோல் தொடைமேல் மடிந்து விழுந்தது, தையல் மெஷினின் மிதிபலகையை மிதிக்க மிதிக்க உரசியது, வேர்வை தங்கி வெந்து புண்ணானது. அந்தப் புண்ணின் எரிச்சலோடு ஒரு நாளைக்கு ஒன்பது ரவிக்கை தைத்தாள். அந்தத் தோலை வெட்டி எடுத்துவிட வேண்டும், எரிச்சல் இல்லாமல் ஒரு சித்திரை மாதத்தைக் கழிக்க வேண்டும், தன் அளவுக்கு ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் கேட்டது இதுதான், வேறொன்றும் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி மின்வாரியத்தில் லைன்மேன். பேச்சு குறைவு. மேலே கம்பியைப் பார்த்து நடக்க வேண்டிய வேலையில் இருந்துகொண்டு எந்நேரமும் தரையைப் பார்த்தே நடக்கிற மனுஷன், ஒருமுறை கம்பத்திலேயே முட்டிக்கொண்டிருக்கிறார், ஊரே கேலி செய்திருக்கிறது. தில்லை பருமனாக இருந்த காலத்தில் தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாமல் இருந்தாள், இடது கால் மெட்டி எங்கேயோ கழன்று போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. மெட்டி விற்கிறவள் ஆதலால் நான்தான் பார்த்துச் சொன்னேன். "விரல் வீங்குது, கழட்டி வெச்சிருக்கேன்னு அவர்கிட்ட சொல்லிடறேன்," என்றாள். குனிந்து தேட முடியாது, ஆளை வைத்துத் தேடினால் மானம் போகும், அதனால் தேடவே இல்லை. மெட்டி தொலைந்து பதினோரு வருஷம் ஆயிற்று.

திருச்சி டாக்டர் நல்லவர், ஆனால் கறாரானவர். தோலை எடுக்க வேண்டுமானால் ஆறு மாதம் எடை ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்கு வர வேண்டும், மடிப்பு மூன்று வாரம் விட்டு ஆறி, உள்ளே ஒரு வேர்க்குரு, ஒரு கீறல் இல்லாமல் காய்ந்து கிடக்க வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஆறு வாரம் போட்டுக்கொள்ள வேண்டிய இறுக்கமான உடை ஒன்றை எடுத்துக் காட்டினார். தில்லை அதைத் திருப்பிப் பார்த்து, "கொக்கி வெச்ச எடத்துல தையல் நிக்காது சார், நானே ஒண்ணு தைச்சுக்கறேன்," என்றாள். மடிப்புக்குள் ஊரார் பொருட்கள் வந்து விழுவதையும் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அதுல சாவி, ஆணி எதுவும் இருக்கக் கூடாது. கீறிவிடும்," என்று சீட்டில் அதையும் எழுதினார்.

சீட்டில் எழுதினால் ஊர் கேட்குமா? மூக்குத்தி, மோதிரம், பேனா மூடி, பாதாம் பவுடர் டப்பாவின் ஸ்பூன், ரேஷன் கார்டு, பல் செட், ஒரு தடவை சைக்கிள் பம்ப் என்று நாளுக்கு நாள் வரத்து ஏறிக்கொண்டே போனது. வாரா வாரம் எடை எழுதிவைக்கும் நோட்டில் ஒரு திங்கட்கிழமை எழுபதரை என்று காட்ட, தில்லை பதறிப்போய் இரண்டு நாள் மோர் மட்டும் குடித்துக் கிடந்து, மூன்றாம் நாள் இடது பக்க ஓரத்தில் ஒளிந்திருந்த பித்தளைப் பூட்டு இரண்டையும் ஒரு ஊறுகாய் ஜாடி மூடியையும் கண்டுபிடித்தாள். அந்தப் பூட்டுகளுக்குச் சொந்தக்காரி வந்து வாங்கிக்கொண்டு, "சாவி வரலையா தில்லை?" என்று முகத்தைச் சுளித்தாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தாங்க முடியாமல் போனது வெல்லம்தான். எங்கள் ஊர் எல்லையில் தேடித்தந்த அம்மன் இருக்கிறாள். பொருள் தொலைந்தால் அவளை நினைத்துக்கொண்டு, கிடைத்ததும் ஓர் அச்சு வெல்லம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அதை உடைத்து நாலு பேருக்குக் கொடுப்பது வழக்கம். இப்போது பொருளைத் தருவது தில்லையாக இருக்க, வெல்லத்தை அம்மனுக்குக் கொண்டுபோவது முறையாகுமா என்று ஊர் யோசித்து, எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். மூன்று வருஷமாக இனிப்பை நாக்கில் வைக்காத ஒருத்தியின் வாசலில், காலையும் மாலையும், அச்சு வெல்லமும் உருண்டை வெல்லமும் மண்டை வெல்லமுமாக வந்து குவிந்தது. எறும்பு சாரை சாரையாக வந்து அளவு ரவிக்கைகளுக்குள் குடியேறியது.

"எனக்குச் சர்க்கரை. எனக்கு வெல்லம் வேண்டாம். வைக்காதீங்க," என்று தில்லை துணி கத்தரிக்கிற கத்தரியைப் பிடித்தபடியே கத்துவாள்.

"நீ சாப்பிடாட்டிப் போ, வேண்டுதலை எப்படி விடுறது?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அது கரைகிறவரை அசையாமல் நின்றாள், பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் ரவிக்கைத் துளைகளுக்குக் காஜா எடுத்தாள். அன்று சாயங்காலமே வெல்லம் முழுவதையும் இரண்டு சாக்கில் கட்டி அம்மன் கோயிலுக்கு அனுப்பிவைத்தாள். பூசாரி சிவனாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. சாவிக்கொத்து விழுந்த நாளிலிருந்து அவர் கோயிலுக்கு ஒரு துண்டு வெல்லம் வரவில்லை. ஊரில் தில்லையின் ஆபரேஷன் சீக்கிரம் நடக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான், தினமும் அவள் பேருக்கு அர்ச்சனையும் செய்தார்.

ஆறு மாதத்தில் எடை நின்றது. முருங்கைக்கீரையும் மாத்திரையுமாக ரத்தம் ஏறியது. தோல் மட்டும் காயவில்லை. வைகாசியில் தேதி குறித்தார்கள், கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது யாருடைய ஊக்கோ கீறிப் புண்ணாகிவிட்டது. ஆவணியில் தேதி குறித்தார்கள், ஒரு முள்கரண்டி வந்தது. எங்கள் ஊரில் முள்கரண்டியால் சாப்பிடுகிறவன் எவன் என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் மூன்றாவதாகக் கார்த்திகையில் ஒரு தேதி கொடுத்து, மார்கழியில் தான் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதாகவும், திரும்ப ஒன்றரை வருஷம் ஆகும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, நர்ஸ் வெளியே போகிறவரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, காலேஜ்ல படிக்கறப்ப எங்க அப்பா ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். தோல் பட்டை. அந்த மாதிரி ஏதாவது…" என்று இழுத்தார்.

"நீங்களுமா சார்?" என்றாள் தில்லை.

கார்த்திகைத் தேதி தெரிந்ததும் ஊர் கலங்கிவிட்டது. அரிசி மண்டி குலசேகரன் தலைமையில் ஒரு கூட்டம் தையற்கடைக்கு வந்து, இன்னும் வராத பொருட்கள் என்று நாற்பத்து மூன்று அயிட்டங்களை எழுதி, கீழே கையெழுத்துப் போட்ட தாளை நீட்டியது.

"உன் நல்லதுக்குக் குறுக்க நிக்கலை தங்கச்சி," என்றார் குலசேகரன். "ஒரு ஆபரேஷன் ஏற்கெனவே பண்ணிக்கிட்டே. இதையும் பண்ணித்தான் ஆகணுமா? சரி, பண்ணிக்க. முழுசும் எடுக்கணும்னு என்ன? ஊருக்குன்னு ஒரு சாண் அளவுக்கு விட்டு வைக்கச் சொல்லலாமில்ல?"

தில்லை மெஷினை நிறுத்தினாள். எழுந்து நின்றாள். எரிச்சலில் அவள் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப் ஆடியது.

"அண்ணே, உங்க வயித்துல ஒரு பை தைச்சுத் தரேன். துணி என்னோடது. கூலி வேண்டாம். வேணும்னா ஜிப் வெச்சுத் தரேன்."

"கோவப்படறியே."

"கோவப்படாம? எத்தனை நாள் நான் ரத்தத்தோட உக்காந்து தைச்சிருக்கேன்னு உங்கள்ல ஒருத்தருக்குத் தெரியுமா? ஒருத்தராவது, எரியுதா தில்லைன்னு கேட்டிருக்கீங்களா? வந்துச்சா, வந்துச்சா, வந்துச்சா. என் தோலுங்க இது. மேசை டிராயர் இல்லை."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் மட்டும் மெதுவாக, தன் கண்ணாடிக் கூடு வந்துவிட்டதா என்று கேட்டார், பக்கத்திலிருந்தவர்கள் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கூட்டத்தில் வராத ஒருத்தி தில்லையின் பக்கத்து வீட்டு மரகதம் அக்கா. அவள் தினமும் மத்தியானம் தனியாக வருவாள். அவள் மகன் இளம்பரிதி ஏழு வருஷத்துக்கு முன்னால் குஜராத் பக்கம் ஏதோ கம்பெனிக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து யாருடைய போனிலோ ஒரே ஒரு தடவை பேசி, ஒரு நம்பரைச் சொன்னான். அக்கா அதைக் காலண்டர் தாளில் எழுதிக் கிழித்து வைத்தாள், அந்தச் சீட்டு தொலைந்துபோயிற்று. அவனும் திரும்பக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அக்கா அந்தச் சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அரிசிப் பானைக்குள், தலையணை உறைக்குள், ஓட்டு இடுக்கில், பிரித்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் பிரித்து. தேடி அலுத்துப்போனால் எழுந்து வந்து தில்லையின் கடை ஓரத்தில் உட்கார்ந்து, "வந்துச்சா?" என்று ஒரே ஒரு முறை கேட்பாள். வரவில்லை என்றால் பித்தான் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

கூட்டம் கலைந்த அன்றும் வந்தாள். பித்தான் கட்டிக்கொண்டே, "எங்க வீட்டு எண்ணெய்க் கரண்டி வந்துச்சே, அதை நான் ஒரு நாள்கூடத் தேடலை. போனாப் போவுதுன்னு விட்டுட்டேன். அது வருது. ஏழு வருஷமாத் தேடற சீட்டு வரமாட்டேங்குது," என்றாள்.

தில்லை ஊசியில் நூல் கோத்தபடியே நிமிர்ந்தாள். பாய் பூட்டையே மாற்றிவிட்டுத் தேடுவதை விட்டிருந்தார். நான் வேறு திருகாணி வாங்கிப் போட்டிருந்தேன். சாவி வராத பூட்டுக்காரி இன்றும் சாவியைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். தேடுகிறவர்களின் பொருள் வராது, போனால் போகிறது என்று விட்டவர்களின் பொருள்தான் வரும். ஊரே இப்போது எதையும் தேடுவதில்லை, தொலைந்தது தெரிந்த நிமிஷமே 'தில்லைகிட்ட வந்துடும்' என்று சொல்லிக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறது, அதனால்தான் வரத்து ஏறிக்கொண்டே போகிறது. ஓர் ஊரே சோம்பேறியாகிப் போனதன் பாரத்தைத் தன் அடிவயிற்றில் சுமந்துகொண்டிருப்பது தில்லைக்கு அந்த மத்தியானம் புரிந்தது, அப்போது அவள் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது.

மறுநாள் ஜபருல்லா பாய் தன் மச்சான் ஆட்டோவில் மைக் கட்டிக் கொடுத்தார். தில்லையே உள்ளே உட்கார்ந்து தெருத் தெருவாகப் போனாள். "ஆவுடையான்பேட்டை பொதுமக்களுக்கு அறிவிப்பு. தொலைச்சவங்க தேடுங்க. கிடைக்கிறவரைக்கும் தேடுங்க. கிடைக்காட்டியும் தேடுங்க. இருபத்தொரு நாளைக்கு யாரும் எதையும் விட்டுடக் கூடாது. மீறி எதாவது வந்து விழுந்தா, அதுக்குச் சொந்தக்காரங்க வீட்டு ரவிக்கை ஒண்ணைக்கூட இனி நான் தொட மாட்டேன்." தீபாவளி முடிந்து கல்யாண சீசன் தொடங்கப் போகிற நேரம் அது. பக்கத்து ஊர் டெய்லர் கை வைத்தால் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும். பெண்கள் மைக்கைக் கேட்டார்கள், வீட்டுக்குள் போய் ஆண்களை எழுப்பினார்கள்.

அந்த இருபத்தொரு நாளைப் பார்த்திருக்க வேண்டும். கட்டில்கள் தெருவுக்கு வந்தன, பீரோக்கள் சுவரைவிட்டு நகர்ந்தன, பதினைந்து வருஷமாக நகராத நெல் குதிர் ஒன்று நகர்ந்ததில் அதன் பின்னாலிருந்த ஜன்னலே அந்த வீட்டுக்காரர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைகீழாகக் குனிந்தபடி ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். குலசேகரனின் மோதிரம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. இல்லாத பொருளைத் தொலைத்ததாக எழுதிக்கொடுத்தவர்கள் ஏழு பேர் அகப்பட்டார்கள். முதுகு பிடித்துக்கொண்டது, சண்டை வந்தது, ஊரே தில்லையைத் திட்டியது, திட்டிக்கொண்டே தேடியது. எல்லாரும் கைவேலையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்து நடந்த அந்த நாட்களில் மட்டும் கலியமூர்த்தியை யாரும் கேலி செய்யவில்லை.

தில்லையின் மடிப்பு முதல் வாரத்தில் காலியானது, இரண்டாம் வாரத்தில் காய்ந்தது, மூன்றாம் வாரத்தில் புண் இருந்த இடத்தில் புதுத் தோல் வந்தது. மெஷினை மிதிக்கும்போது எரியவில்லை. அவள் மெஷினிலேயே உட்கார்ந்து அழுததை, வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் என்பதால், நான் மட்டும் பார்த்தேன்.

ஆனால் அவள் மனசில் ஒரு முள் மிச்சமிருந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னையும் மரகதம் அக்காவையும் கூப்பிட்டு, அக்காவை உட்காரவைத்து, "அக்கா, ஒரே ஒரு நாள் தேடாம இருங்க. அந்தச் சீட்டு வந்துடும். கீறினாலும் பரவாயில்லை, காகிதந்தானே," என்றாள். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில், கையிரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரம் இருக்கும். அவள் கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக உதறத் தொடங்கியது.

"என்னால முடியாதுடி," என்றாள். "தேடலைன்னா அவன் வேணாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். சீட்டு வந்து என்ன பண்ணப் போவுது, நான் அவனை விட்டுட்ட பெறகு?" மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, துணிகளைத் திரும்ப மூட்டையில் அடைத்தாள். "நீ போய் வெட்டிக்கிட்டு வா. நான் தேடற வரைக்கும் அது உன்கிட்ட வராது. அப்பறம் உன்னை எதுக்கு நான் பிடிச்சு வெச்சிருக்கணும்? டாக்டர் கூட இருக்க ஆள் வேணும்னாராமே, நானே வரேன். எங்க வீட்டுல தேடி முடிச்சாச்சு, இனி உன் வீட்டுல தேடறேன்."

கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட எல்லாரும் வந்திருந்தோம். ஒருவர் கையிலும் வெல்லம் இல்லை. குலசேகரன் பஸ்ஸின் படிவரை வந்து, வாயைத் திறந்து, மூடி, கடைசியில், "எரியுதா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இப்ப இல்லைண்ணே," என்றாள் தில்லை. "பதினஞ்சு மாசம் கழிச்சுக் கேக்கறீங்க."

மிச்சத்தை மரகதம் அக்கா வந்து சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் ஒரு சிவப்புச் சோப்பைக் கொடுத்துக் குளிக்கச் சொன்னார்களாம். குளித்து முடித்து, கடைசி முறையாக மடிப்பைத் தூக்கித் துடைத்தபோது, உள்ளேயிருந்து ஒரு மெட்டி விழுந்தது. ஒரே ஒரு மெட்டி, மீன் போட்டது, இடது கால். தில்லை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குளியலறையை விட்டு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கலியமூர்த்தியின் முன்னால் நின்றாள்.

"நான்தான் இதைத் தேடவே இல்லையே," என்றாள். "பதினோரு வருஷமா விட்டுட்டேனே. ஊர்ல உள்ளதெல்லாம் வந்துச்சு, இது மட்டும் ஏன் இன்னிக்கு வருது?"

கலியமூர்த்தி மெட்டியைப் பார்த்தார். பிறகு வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்.

"நான் தேடிக்கிட்டிருந்தேன்," என்றார்.

"எதை?"

"விரல் வீங்குதுன்னு நீ சொன்ன அன்னிக்கே விரலைப் பார்த்தேன். வீங்கலை. தொலைச்சுட்டுச் சொல்ல வருத்தப்படறேன்னு புரிஞ்சுது. வேலைக்குப் போற எடம், வர்ற எடம், ஏரிக்கரை, பஸ் ஸ்டாண்டு, எல்லா எடத்துலயும் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாளும் விடலை. இன்னிக்குக் காலையிலதான் தேடலை. உனக்கு மயக்க மருந்து கொடுக்கறாங்களேன்னு ஒரே பயம். வேற நெனப்பே வரலை."

தில்லைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "பதினோரு வருஷம் கழுத்தை ஒடிச்சுக்கிட்டு நடந்ததுக்கு, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல? கம்பத்துல வேற போய் முட்டினீங்களே, மனுஷா," என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டாள். அவர் மெட்டியை வாங்கிக் கீழே உட்காரப் போனார். "வேண்டாம், எனக்கே குனியத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் மடிப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தன் விரலைத் தானே பார்த்து, தானே போட்டுக்கொண்டாள்.

டாக்டர் வந்து அவளை நிற்கவைத்து, நீலப் பேனாவால் வயிற்றின் குறுக்கே வெட்டவேண்டிய கோட்டைப் போட்டார். தில்லை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றாள். "சார், எடது பக்கம் அரை இஞ்சு எறங்கியிருக்கு." டாக்டர் தள்ளி நின்று பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்பிரிட்டால் அழித்து மறுபடியும் போட்டார். "உள்ள எதுவும் விட்டு வெக்காதீங்க," என்றாள் அவள். "பிரிக்கற வேலை இனிக் கெடையாது." அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "வாட்ச்சைத் தேடுறீங்களா?" என்று கேட்டாள். "பீரோவெல்லாம் எறக்கித் தேடிட்டேன்மா," என்றார் டாக்டர்.

சக்கரக் கட்டிலில் படுக்கவைத்துக் கதவுவரை தள்ளிக்கொண்டு போன பிறகுதான் நர்ஸ் காலைப் பார்த்தாள். "என்னம்மா இது? உள்ள மெட்டி, கொலுசு எதுவும் போகக் கூடாதுன்னு சொல்லலை?" என்று கடிந்துகொண்டே கழற்றிக் கலியமூர்த்தியின் கையில் வைத்தாள். போட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. தில்லை தலையைத் தூக்கி அவர் விரல்கள் மூடுவதைப் பார்த்தாள்.

"தொலைச்சுடாதீங்க. இனிமே அது வந்து விழ எடம் கெடையாது."

"தொலைஞ்சா தேடிக்கறேன்," என்றார் கலியமூர்த்தி.

"எவ்வளவு நாளைக்கு, இன்னொரு பதினோரு வருஷத்துக்கா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கட்டிலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.